வாடுது, கொட்டுது, வெளுக்குது: சேலத்துக் காடுகளில் அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

பயிர் ஒரு தினுசாக நிற்கிறது என்றதும் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்குப் போவதுதான் நம் வழக்கம். அங்கே முதல் கேள்வி "எத்தனை ஏக்கர்?" என்பதாகத்தான் இருக்கும். அடியிலையா கொழுந்தா, காலையிலும் இப்படித்தான் இருந்ததா, கடைசியாக எப்போது தண்ணீர் கட்டினீர்கள் என்பதெல்லாம் யாரும் கேட்பதில்லை. வாழப்பாடி, ஓமலூர், மேச்சேரி, ஆத்தூர் பக்கத்துக் காடுகளையும் (காடு என்றால் எங்கள் பக்கம் பயிர் நிலம்) ஏற்காட்டுத் தோட்டங்களையும் மனதில் வைத்து, அந்தக் கேள்விகளை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. செடியால் நிழல் தேடி நகர முடியாது. வெயில், வறட்சி, உப்பு, குளிர் எது வந்தாலும் நின்ற இடத்திலேயே சில மரபணுக்களை முடுக்கிவிட்டும் சிலவற்றை அடக்கிவைத்தும்தான் சமாளிக்கிறது. மரபணு மாறிவிடுவதில்லை, எது எப்போது வேலை செய்கிறது என்பது மாறுகிறது. அதனால் நாம் நோய் என்று பார்க்கிற பல அறிகுறிகள் செடியே எடுத்த முடிவுகள். முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான்: இது செடி செய்ததா, செடிக்கு நேர்ந்ததா? செடி செய்தது என்றால் மருந்தடித்து அதை நிறுத்தப் பார்ப்பது வீண். எதற்காகச் செய்தது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

மதியம் வாடுது, சாயங்காலம் நிமிருது

காலை ஆறு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அப்போது இலை விறைப்பாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக ஆவியாக்குகிறது, அவ்வளவுதான்.

மண் காயத் தொடங்கியதும் என்.சி.இ.டி. என்ற மரபணு வேலை செய்ய ஆரம்பித்து, அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைத் தயாரிக்க வைக்கிறது. அந்த அமிலம் இலைத்துளைகளைக் காக்கும் செல்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவற்றிலிருந்து உப்பும் தண்ணீரும் வெளியேறி, துளை மூடிக்கொள்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்த அமிலத்தை உணர்கிற புரதம் எது என்பது 2009-இல்தான் பிடிபட்டது. துளை மூடியதும் தண்ணீர் மிச்சம். ஆனால் காற்றும் உள்ளே போகாது, மாவு தயாரிப்பும் நிற்கும். நம் மகசூல் குறைவது இந்த இடத்தில்தான்.

வெயிலும் வறட்சியும் சேர்ந்து வரும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. வெயிலுக்குத் துளையைத் திறந்து குளிர வேண்டும், வறட்சிக்கு மூட வேண்டும். பெரும்பாலும் மூடுவதுதான் ஜெயிக்கிறது, இலை சூடேறுகிறது. ஏப்ரலில் மேச்சேரிக் காட்டில் ஒரு மணி வெயிலில் இலையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ள செடியின் இலை சில்லென்று இருக்கும், துளை மூடிய செடியின் இலை வெதுவெதுப்பாக இருக்கும். செலவில்லாத சோதனை, ஓரளவு நம்பலாம். புகையிலையிலும் அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனச் செடியிலும் செய்த ஆய்வுகளில், இரண்டு நெருக்கடியும் சேரும்போது தனித்தனியாக வந்தால் முடுக்கப்படாத மரபணுக்கள் பலவும் முடுக்கப்படுவது தெரிந்தது. "வறட்சி தாங்கும்" என்று பெயர் வாங்கிய ரகம் நம் சித்திரை வெயிலில் கையை விரிப்பதற்கு இது ஒரு காரணம்.

காலையிலும் வாடியிருக்கு, மண்ணோ ஈரமாக இருக்கு

தயவுசெய்து இன்னும் தண்ணீர் கட்டாதீர்கள். வேரைத் தோண்டுங்கள். வெள்ளை வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று வந்தால் வேர் மூச்சுத் திணறியிருக்கிறது. தக்காளியில் இதற்கு இன்னொரு அடையாளம் உண்டு: இலைக்காம்பு கீழ் நோக்கி வளைந்து குடை மடங்கின மாதிரி நிற்கும். காற்றில்லாத வேரில் எத்திலீன் வாயுவுக்கான மூலப்பொருள் உருவாகும். எத்திலீனாக மாற ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அது மேலே ஏறி இலைக்கு வந்த பிறகுதான் வாயுவாகிறது. அதுதான் காம்பை வளைக்கிறது. வடிகால் எடுத்துவிட்டால் புது வேர் வரும், செடி தேறும்.

வேர் நன்றாக இருந்தும் வாடினால், தண்டை அடியில் விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். இது செடிக்கு நேர்ந்தது. அந்தச் செடியைப் பிடுங்கிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும், அந்த இடத்துத் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்கு ஓடக் கூடாது.

வெள்ளத்தில் மூழ்குகிற நெல்லுக்கு மட்டும் தனிக் கதை. ஒடிசாவின் எப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகத்தில் இருந்த சப்1ஏ மரபணு, மூழ்கியதும் பயிரை வளராமல் அடக்கி, சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை உயிரோடு வைக்கும். 2006-இல் அது அடையாளம் காணப்பட்டது. டெல்டாவில் அதற்கு வேலை அதிகம், சேலத்தில் அபூர்வம்.

தக்காளி பூ கொட்டுது

உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துக் காம்பைப் பாருங்கள். தக்காளிப் பூங்காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். சரியாக அந்தக் கணுவில் வெட்டினாற்போல் கழன்றிருந்தால் செடியே கழற்றிவிட்டது. கணுவை உருவாக்கும் மரபணுக்கூட 2000-இல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது பழுதான செடியில் கணுவே வராது என்பதால் அதற்கு ஜாயிண்ட்லெஸ் என்று பெயர். சூல் பகுதி கறுத்தோ, இதழில் வெள்ளிக் கீறல் விழுந்தோ இருந்தால் அது இலைப்பேனோ நோயோ, வேறு வைத்தியம்.

செடி ஏன் கழற்றுகிறது? காய் பிடிக்காத பூவுக்குச் சத்து கொடுப்பதில் லாபமில்லை. காய் பிடிக்காததற்குப் பெரும்பாலும் மகரந்தம் காரணம். வெயில் ஏறினால் இலையில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் மளமளவென்று உருவாகி, மற்ற புரதங்கள் குலையாமல் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பாதுகாப்பு வளரும் மகரந்தத்தில் அவ்வளவு பலமில்லை. பகலில் 32 டிகிரிக்கு மேலும் இரவில் 21, 22 டிகிரிக்கு மேலும் போனால் மகரந்தம் பாழாகத் தொடங்குகிறது. பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஓமலூர்ப் பக்கத்துக் கோடையில் உண்மையான எதிரி இரவின் புழுக்கம்.

சோதனை: நன்றாக மலர்ந்த பூவின் மஞ்சள் கூம்பைக் கிழித்து, கறுப்புத் துணியிலோ செல்போன் திரையிலோ தட்டுங்கள். வெண்பொடி உதிர்ந்தால் மகரந்தம் இருக்கிறது, ஒன்றுமே விழவில்லை என்றால் விஷயம் முடிந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: மகரந்தம் சேதப்படுவது மொட்டாக இருக்கும்போது, பூ மலர்வதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு. இன்று கொட்டுகிற பூ அன்றைய வெயிலுக்கான பதில். இன்று மருந்தடித்து நாளை கொட்டுவது நிற்கவில்லையே என்று கடைக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. என்.ஏ.ஏ. என்ற பயிர் ஊக்கியைத் தெளித்தால் காம்பு கழலாமல் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மகரந்தம் சேராமல் நின்ற காய் பெரும்பாலும் விதை குறைந்து உள்ளே பொள்ளலாக இருக்கும். சந்தையில் எடை போடும்போது தெரியும். மொட்டு விடும் பருவம் கத்திரி வெயிலில் விழாதபடி நடவுத் தேதியை நகர்த்துவதுதான் தீர்வு.

நட்ட நாற்று இரண்டு நாளில் பொசுங்குது

நிழல்வலைக்குள் குழித்தட்டில் வளர்ந்த நாற்றை நேராக ஏப்ரல் காட்டில் நட்டால் பொசுங்கத்தான் செய்யும். மிதமான சூட்டை முதலில் பார்த்த செடி, வெப்பப் புரதங்களைத் தயாராக வைத்துக்கொண்டு அடுத்த பெருஞ்சூட்டைத் தாங்கும். பார்க்காத செடிக்குத் தயாராக நேரமில்லை. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். செடிக்கு ஒருவிதமான ஞாபகமும் உண்டு. அரபிடாப்சிஸ் செடியை ஒருமுறை காயவிட்டுத் தண்ணீர் கொடுத்து மறுபடி காயவிட்டால், சில மரபணுக்கள் இரண்டாம் தடவை முன்னைவிட அதிகமாக வேலை செய்கின்றன. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் ஒரு வாரம் போல ஆனதும் அது மறந்தும் போகிறது. எனவே நாற்றைப் பழக்கி, பிறகு பத்து நாள் நிழலில் வைத்து நட்டால் பழக்கினது தண்டம்.

இந்த இடத்தில் கடைகளில் விற்கும் "மரபணுவைத் தூண்டும் டானிக்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். வறட்சி மரபணுவை எப்போதும் வேலை செய்ய வைத்தால் என்ன ஆகும் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். டி.ஆர்.இ.பி. என்ற வறட்சி-குளிர் மரபணுவை ஓயாமல் இயங்கவிட்ட செடி வறட்சியைத் தாங்கியது. ஆனால் குட்டையாகிப் போனது. நெருக்கடி வந்தால் மட்டும் இயங்கும்படி மாற்றியதும் வளர்ச்சி பெருமளவு திரும்பியது. தண்ணீர் உள்ள காட்டில் தூண்டி விடுவதாகச் சொல்லும் எந்த பாட்டிலும் உண்மையிலேயே தூண்டினால் நமக்கு நஷ்டம்தான்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி): இலை சிறுக்குது, உதிருது, பாயிண்ட் இறங்குது

சேலத்தில் இதற்குத்தான் அதிகம் குழம்புகிறோம். நாலு வெவ்வேறு தொல்லை ஒரே மாதிரி தெரியும்.

அடியிலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து, நுனியில் சின்ன இலைக் கொத்து மட்டும் சுத்தமாக நின்றால் அது வறட்சி. மரவள்ளி காற்று வறண்டாலே துளையை மூடிவிடும் ஜாதி. இலையைக் கழித்து, தண்டிலும் கிழங்கிலும் மாவை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். இது முழுக்க முழுக்கச் செடி செய்தது. மழை வந்ததும் அந்த மாவைக் கரைத்துப் புது இலை விடும். ஆகவே நீண்ட வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்து, காடு பச்சையானதும் சந்தோஷப்பட்டு உடனே கிழங்கு பிடுங்கினால் ஆலையில் பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) குறைவாகக் காட்டும். தரகர் ஏமாற்றுகிறார் என்று சண்டை போடுகிறோம். மாவை இலை தின்றிருக்கிறது. ஒன்று, மழைக்கு முன்பே பிடுங்க வேண்டும். இல்லையென்றால் இலை முற்றி மாவு திரும்பச் சேரும்வரை பொறுக்க வேண்டும்.

நுனி மட்டும் சுருண்டு, கணு நெருங்கி முட்டைக்கோஸ் போல உருண்டையாக நின்றால் இலையைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடிக்குள் மாவுப்பூச்சி இருக்கும். 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு நம் பக்கம் பரவியது அது. அதைக் கொல்லும் அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. இலையின் மேற்பக்கம் மஞ்சள் புள்ளியாகி, அடியில் மெல்லிய வலை இருந்தால் செம்பேன்.

இலை பச்சையும் மஞ்சளும் கலந்து திட்டுத்திட்டாக, ஒரு பக்கம் கோணி நின்றால் தேமல். இது வைரஸ், வெள்ளை ஈயும் கரணையும் (நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு) பரப்புகின்றன. இதில்தான் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வைரஸ் நுழைந்தால் செடி அதன் மரபுச் செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கி அடக்கப் பார்க்கும். சூடு கூடினால் அந்த நறுக்கும் வேலை வேகமாக நடக்கும், குளிர்ந்தால் மந்தமாகும். கோடையில் தேமல் மங்கி, செடி குணமானது போல நிற்பதற்கு இது முக்கியமான காரணம். வைரஸ் போகவில்லை, அடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் "நல்ல செடி" என்று பார்த்து வெட்டிய கரணையை நட்டு, மழைக்காலக் குளிர்ச்சியில் காடு முழுக்கத் தேமல் வந்ததும் ரகத்தைக் குறை சொல்கிறோம். மழையும் பனியுமான மாதங்களில், தேமல் பளிச்சென்று தெரியும்போதே காட்டைச் சுற்றி வந்து சுத்தமான செடிகளுக்குச் சாயமோ கயிறோ கட்டி வைத்துவிடுங்கள். கரணை எப்போது வெட்டினாலும் அந்தச் செடிகளில் மட்டும் வெட்டுங்கள். குங்கும ரோஸ், முள்ளுவாடி, எச்.226 எதுவானாலும் இது பொருந்தும். ஆப்பிரிக்க ரகங்களில் இருக்கும் சி.எம்.டி.2 என்ற எதிர்ப்பை நம் ரகங்களில் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது உங்கள் காட்டுக்கு வரும்வரை கயிறுதான் துணை.

வறட்சியில் விளைந்த கிழங்கு வேகவைத்தும் கசந்தால், சமைத்தவர்மேல் கோபப்பட வேண்டாம். தண்ணீர் குறைந்தால் மரவள்ளி சயனைடு தரும் பொருளைக் கூடுதலாகச் சேர்க்கும். கசப்பான கிழங்கைத் தின்னாதீர்கள், தோலையும் இலையையும் பச்சையாக ஆட்டுக்குப் போடாதீர்கள்.

சோளத்தட்டு மேய்ந்த மாடு நுரை தள்ளுது

இது பயிரின் அறிகுறி இல்லை, மாட்டின் அறிகுறி. ஆனாலும் காரணம் அதே மரபணு வேலைதான். இளம் சோளத்தில் துரின் என்ற பொருள் இருக்கும். மாட்டின் வயிற்றில் அது சயனைடாகும். வறட்சியில் குன்றிய சோளத்திலும், வெட்டிய கட்டையிலிருந்து மழைக்குப் பின் துளிர்த்த குருத்திலும் அது ஏறியிருக்கும். முழங்கால் உயரம்கூட வராத வாடின சோளத்தில் மாட்டை அவிழ்த்துவிடவே கூடாது. மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் கைவைத்தியத்துக்கு நேரமில்லை, உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள். பூத்த பிறகு அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டில் ஆபத்து மிகக் குறைவு.

கொழுந்து வெளுக்குது, நரம்பு மட்டும் பச்சை

அடியிலை வெளுத்தால் தழைச்சத்து. கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு. சேலத்தில் சுண்ணாம்பு கலந்த காடுகள் நிறைய. நிலக்கடலை அதைத்தான் முதலில் காட்டும். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, செம்மண்ணின் நிறமே இரும்புதானே. கரையாமல் கிடக்கிறது.

கடலைச் செடி சும்மா இருப்பதில்லை. இரும்பு குறைந்ததும் வேரிலிருந்து அமிலம் விட்டு மண்ணைக் கரைக்கிறது. எப்.ஆர்.ஓ.2 வகை மரபணு இரும்பை உறிஞ்சத் தக்க வடிவத்துக்கு மாற்றுகிறது, ஐ.ஆர்.டி.1 வகை உள்ளே இழுக்கிறது. சுண்ணாம்பு மண்ணின் பைகார்பனேட் அந்த அமிலத்தை விட்டவுடனே முறித்துவிடுகிறது. மரபணு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது, பலன்தான் இல்லை. கனமழைக்கோ அளவுக்கு மீறிய பாசனத்துக்கோ பின் மஞ்சள் கூடி, காடு காய்ந்ததும் பச்சை திரும்பினால் இதுதான் என்று உறுதி. மூட்டையாக மண்ணில் போடும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) அங்கேயே பூட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து நாலைந்து செடிக்கு மட்டும் மாலையில் தெளித்துப் பாருங்கள். சில நாளில் பச்சை ஏறினால் காடு முழுக்கத் தெளிக்கலாம்.

மக்காச்சோளம் போன்ற புல்லினங்கள் வேறு வழியில் போகும். இரும்பைக் கவ்விக்கொண்டு வரும் பொருளையே வேர் வழியாக வெளியே விடும். சுண்ணாம்பு அதைப் பெரிதாகத் தடுக்காது. கடலைக்குள் மக்காச்சோளத்தை ஊடுபயிராக வைத்தால் கடலையின் வெளுப்பு குறைவதைச் சீனாவில் செய்த ஆய்வுகள் காட்டின. ஓரமாக நாலு வரிசையில் முயன்று பார்க்கலாம்.

முதிர்ந்த இலையின் நுனி கருகுது

ஆழ்குழாய்த் தண்ணீரையும், வாய்க்கால் ஓரத்து வெண்பூப்பையும் பாருங்கள். உப்பு. சோடியத்தைத் தண்டுக்கு ஏறவிடாமல் வேரிலேயே இழுத்து நிறுத்தும் எச்.கே.டி. வகை மரபணுக்கள் நல்ல ரகங்களில் வலுவாக இருக்கும். மீறி ஏறியதை முதிர்ந்த இலைகளில் கொட்டி, கொழுந்தைக் காப்பாற்றும். கருகின இலையைக் கிள்ளி எறிவதால் பயனில்லை. தண்ணீரைப் பரிசோதித்து, அடுத்த பயிரை அதற்கேற்ப வையுங்கள்.

இலை ஊதாவாகுது

மார்கழிக் குளிரில் மக்காச்சோள அடியிலை ஊதாவானால் மணிச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். குளிர் குறைந்ததும் பெரும்பாலும் தானே சரியாகும். மாமரத் தளிர் செம்பாக வருவது நோயே இல்லை, தளிரின் இயல்பான நிறம். அதற்கும் மருந்தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்!

ஏற்காட்டுக் காபி: பூ பச்சையாக, நட்சத்திரம் போல நிற்குது

காபி மொட்டு உருவாகி, வறட்சியில் உறங்கும். அந்த வறட்சி அதற்கு அவசியம். நடுவில் தொடர்ந்து ஈரம் இருந்தால் பூ ஒரே சமயத்தில் வராமல் தவணை தவணையாக வரும், பழம் பறிக்கும் கூலி எகிறும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகும். உறக்கத்தைக் கலைப்பதில் எத்திலீனுக்குப் பங்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன: காய்ந்த வேரில் சேர்ந்த மூலப்பொருள் மழைக்குப் பின் மேலேறி மொட்டை எழுப்புகிறது.

அரைகுறை மழைதான் மோசம். மொட்டு விழித்துவிடும், விரிவதற்கான தண்ணீர் கிடைக்காது. கூடவே சூடும் சேர்ந்தால் இதழ் பச்சையாகக் குறுகி நட்சத்திரப் பூவாக நிற்கும், காய் பிடிக்காது. அதற்கு மருந்தில்லை. தெளிப்பு நீர் வைத்திருப்பவர்கள் அரைகுறை மழை விழுந்தால் மீதியை உடனே கொடுத்து ஓர் அங்குலத்தை நிரப்ப வேண்டும். முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம். நிழல் மரத்தை பிப்ரவரியில் மொட்டையாகக் கழித்த தோட்டங்களில் இந்தப் பூ அதிகம் வரும். சில்வர் ஓக் நிழல் மரத்தை மிளகுக்கொடிக்காக மட்டும் பார்க்காதீர்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, மரவள்ளி என்றால் ஏத்தாப்பூருக்கோ போங்கள். அடியிலை ஒன்று, கொழுந்திலை ஒன்று, வேரோடு ஒரு செடி, வேரை ஒட்டின மண், பாசனத் தண்ணீர் ஒரு பாட்டில், நல்ல செடி ஒன்று ஒப்பிட. கடைசியாகத் தண்ணீர் கட்டிய தேதியும் தெளித்த மருந்தின் பெயரும் ஒரு தாளில். இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் தொங்கவிட்டால் போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும். செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.